கவரைப்பேட்டைக் கைத்தடி மிட்டாய்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டேன். அடுப்பு கட்டினேன். பாகு கொட்டப் பெரிய கருங்கல்லை மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினேன். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் வந்தபோது, சங்கு ஊதியதும் வெளியே வரும் ஜனத்தின் பையில் என் மிட்டாய்தான் இருந்தது. எந்தப் பேங்க்காரனும் எனக்குக் கை கொடுக்கவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அந்தக் கிறிஸ்துமஸைச் சொல்ல முடியும். இல்லாவிட்டால் இன்றைக்கும் வாய் வராது.

அது ஆலைகளுக்கு முந்தின காலம், அறுபதுகளின் கடைசி. எங்கள் ஊர்ச் சர்ச் உபதேசியார், பட்டணத்தில் பார்த்த ஒரு மிட்டாயைக் குச்சியால் தரையில் வரைந்து காட்டினார். கைத்தடி மாதிரி மேலே வளைவு, சிவப்பும் வெள்ளையுமாய்க் கோடு. இயேசு பிறந்தபோது பார்க்க வந்த மேய்ப்பர்களின் கோல் அது என்றார். வெள்ளைக்காரர்கள் முதலில் நேர்க்குச்சியாய்த்தான் செய்தார்களாம். வளைவும் கோடும் பிற்பாடு வந்தனவாம்.

"உன்னால ஆகுமா?"

"இன்னா இப்டி கேட்டுட்டீங்க? நம்ம கை செய்யாதது எது?"

"வாயில போட்டா ஜில்லுனு இருக்கணும்."

"ஜில்லுனுதானே? உட்டுடுங்க எங்கிட்ட."

மிட்டாய்த் தொழிலுக்கு வருமுன் நான் திருவள்ளூரில் பெருமாள் கோயில் மடப்பள்ளிக்கு விறகு பிளந்தவன். ஜில்லென்றால் எனக்குத் தெரிந்தது தீர்த்தத்தில் போடும் பச்சைக் கற்பூரம்தான். பாகைக் காய்ச்சி, ஆணியில் மாட்டி வெளுக்கும்வரை இழுத்து, சிவப்புச் சாயம் போட்ட பாகுத் திரியைச் சேர்த்து முறுக்கி, சூடு ஆறுமுன் வளைத்தேன். விரலெல்லாம் கொப்புளம். கற்பூரத்தைத் தாராளமாகவே போட்டிருந்தேன்.

கிறிஸ்துமஸ் காலையில் சர்ச் வாசலில் நானே நின்று கொடுத்தேன், நாலு பேர் புகழ்வதைக் கேட்க. பிள்ளைகள் வாயில் போட்டார்கள். உபதேசியார் மனைவி ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"இது கோயில் வாசனையாச்சே! இன்னாய்யா, சாமிக்குப் படைச்சத எடுத்தாந்து எங்க புள்ளைங்களுக்குக் குடுக்கறியா? துப்புங்கடா!"

படைத்ததை அவர்கள் தொடமாட்டார்கள். எனக்கு நாக்கு குழறியது.

"ஐயோ, பெருமாள் மேல சத்தியமா படைக்கலம்மா!"

சர்ச் வாசலில், கிறிஸ்துமஸ் அன்று!

"அந்தச் சத்தியம் ஒண்ணுதான் பாக்கி" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகள் மண்ணில் துப்பினார்கள். ஒரு சிறுமி மட்டும் துப்ப மனமில்லாமல் அழுதாள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு, ரோட்டில் போக முகமில்லாமல், வரப்பு வழியாக வீடு சேர்ந்தேன்.

அடுத்த வருஷம் பட்டணத்திலிருந்து பெப்பர்மின்ட் எண்ணெய் வாங்கிவந்தேன். துப்பச் சொன்ன அந்தம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"நீங்களே அடுப்பாண்ட வந்து நின்னு பாருங்கம்மா. மனசுக்குச் சரின்னா வாங்கிக்கினு போங்க."

வந்தார். என் கொட்டகையில், என் ஆட்கள் முன்னால், சர்க்கரை கொட்டியதிலிருந்து கடைசி வளைவுவரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், திருடனைப் பார்ப்பதுபோல. குனிந்த தலை நிமிராமல் செய்தேன். முடிந்ததும் ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான்யா கீது. கூடைய நீயே சர்ச்சுக்குத் தூக்கினு வா."

அதன்பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் சபைப் பெண்கள் யாராவது அடுப்புப் பக்கம் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. இப்போது சர்ச் ஆண்டு மலரில், அந்த மிட்டாய் சபைப் பெண்கள் செய்துவந்தது என்று அச்சடித்திருக்கிறார்கள்.

அவர்கள் நின்றார்கள், பார்த்தார்கள். காய்ச்சியவன் நான். இழுத்தவன், வளைத்தவன் நான். அத்தனை பேர் முன்னால் கூனிக்குறுகி நின்றவனும் நானே. அடுத்த மலரில் அதைத் திருத்தி, என் பெயரைப் போட்டாக வேண்டும்.