செக்டு, ஃபவுண்ட் ஓகே

தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுவதைவிட இங்கிலீஷ் எழுதுவது ஆபத்து. மெஷினில் மாட்டினால் நாலு பேர் ஓடி வருவார்கள், இங்கிலீஷில் மாட்டினால் நாலு பேரும் தள்ளிப் போய் நின்றுகொள்வார்கள்.

ரெண்டு மணி

எங்களிடம் பாகம் வாங்கும் கார் கம்பெனியிலிருந்து வந்த ஆடிட்டர் எங்கள் ரிஜிஸ்டரில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. நாலாம் நம்பர் பிரஸ், மதியம் ரெண்டு மணிச் சோதனை: ‘செக்டு, ஃபவுண்ட் ஓகே.’ பக்கத்தில் என் கையெழுத்து. அப்போது மணி காலை பதினொன்று.

ஒரகடத்தில் நான் சேர்ந்த கம்பெனியில், ஷிப்ட் ஏறியதும் அன்றைக்கு உண்டான நாலு கட்டத்தையும் ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு முன்னால் எழுதியவரும் அப்படித்தான் செய்தார். ஆடிட்டர் கோபப்படவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “ரெண்டு மணிக்கு மெஷின் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுபோச்சு. மத்தியானம் கேன்டீன்ல என்ன குழம்புன்னும் சொல்லிடு தம்பி.”

கட்டம்

பிளஸ் டூவோடு போதும் என்று செய்யாறிலிருந்து கிளம்பி வந்தவன் நான். வல்லத்தில் ஆறு பேர் இருக்கும் ரூமில் ஏழாவது ஆள். வேலை, ட்ரெய்னி. சேர்ந்த ரெண்டாவது வாரமே சூப்பர்வைசர் தேவராஜ் சார் என்னை லைனிலிருந்து இழுத்து ரிஜிஸ்டர் முன்னால் நிறுத்தினார்.

“சார், எனக்கு டென்ஸ் வராது. ‘செக்’கா, ‘செக்டு’வா, ‘ஹேஸ் பீன்’ எங்கே போடணும், ஒண்ணும் தெரியாது” என்று உள்ளதைச் சொன்னேன். உங்களில் பலர் இந்த இடத்தில் எல்லாம் தெரியும் என்று தலையாட்டியிருப்பீர்கள். ஆட்டியிருந்தாலும் ஒன்றுதான், சொன்னாலும் ஒன்றுதான். அவர் பதில்: “இங்கிலீஷை எவன்டா படிக்கப் போறான்? எழுத்து கட்டத்துக்குள்ள அடங்குதா, அதைப் பாரு.”

படிக்கிற ஆள்

படிக்க ஒருவர் இருந்தார். தகட்டை அழுத்தி வெட்டும் நாலாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்டும் இசக்கி அண்ணன், சங்கரன்கோவில் பக்கம். தகட்டை வைக்க அவர் கை பிரஸ்ஸுக்குள் போக வேண்டும். கை உள்ளே இருக்கும்வரை பிரஸ் இறங்காமல் பார்த்துக்கொள்வது முன்னால் இருக்கும் சென்சார். அந்தச் சென்சாரைத்தான் நான் தினம் நாலு தடவை, ஒரு கட்டையை உள்ளே நீட்டிச் சோதிக்க வேண்டும். ஆடிட்டுக்குப் பிறகு அந்தந்த நேரத்துக்கு ஒழுங்காக எழுதினேன். எழுதத்தான் செய்தேன், கட்டையைத் தொடவில்லை.

ஒருநாள் காலை அவர் ரிஜிஸ்டரைத் திறந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “இங்கிலீஷ் படிப்பீங்களாண்ணே?” என்றேன். “எனக்கு எங்கல அது வரும்? அந்த ஓகே மட்டும் தெரியும். ஒன் ஓகேயப் பாத்துட்டுத்தாம்ல கைய உள்ள விடுதேன்.”

சர்க்குலர்

அதைக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன், இறங்கியது. ஆனால் மறுநாளிலிருந்து கட்டையை எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் நாள், பத்து தடவை நீட்டியதில் ரெண்டு தடவை பிரஸ் நிற்காமல் இறங்கி, கட்டை நசுங்கியது. தேவராஜ் சார் இசக்கி அண்ணனை வேறு மெஷினுக்கு மாற்றிவிட்டு, மெயின்டனன்ஸுக்குச் சீட்டு எழுதச் சொன்னார்.

அந்த வாரம்தான் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம் வாங்கியிருந்தேன். உடம்பு சரியில்லை என்பதை வெள்ளைக்காரன் ‘அண்டர் த வெதர்’ என்பானாம். விடுவேனா? ‘பிரஸ் நம்பர் ஃபோர் இஸ் அண்டர் த வெதர். கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று எழுதி, ரெண்டு தடவை படித்து ரசித்துவிட்டுத்தான் கொடுத்தேன். ரெண்டு நாளாக ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தால் என் சீட்டு நோட்டீஸ் போர்டில் குத்தியிருந்தது. மெயின்டனன்ஸ் பாபு அண்ணன் உள்ளூர்க்காரர், அலட்டிக்கொள்ளவில்லை. “இன்னாபா பண்ணச் சொல்ற? இங்கிலீஷ் டீசன்ட்டா கீது, மேனேஜ்மென்ட்டு சர்க்குலர்னு நெனச்சுகினேன்.”

வந்துடுச்சு

குவாலிட்டியில் இருந்த பிலோமினா அக்கா கான்வென்ட்டில் படித்தவர். என் சீட்டை வாங்கி முழுவதையும் அடித்துவிட்டு, ‘சென்சார் ஃபெயில்ஸ் சம்டைம்ஸ். டேஞ்சர் டு ஹேண்ட்’ என்று எழுதிக் கொடுத்தார். பாபு அண்ணன் ஐந்து நிமிஷத்தில் வந்தார். வேறு சென்சார்தான் போட வேண்டும் என்றார். தேவராஜ் சார் அம்பத்தூர் கடைக்குப் போன் போட்டு, வைத்துவிட்டு, “வந்துடுச்சாம். ‘சென்சார் சேஞ்ச்டு, ஓகே’ன்னு எழுதிடு” என்றார். பார்சல் அம்பத்தூரிலிருந்து இன்னும் கிளம்பவே இல்லை.

நமக்கு இது புதுசா? பாயில் படுத்துக்கொண்டே போனில் ‘கெளம்பிட்டேன் மச்சான்’ என்கிற சாதி நாம். அதனால் அக்காவிடம் நேராகவே கேட்டேன், வராத பொருளுக்கு எந்த டென்ஸ் என்று. அவர் சிரிக்கவில்லை. “ரூம்ல படுத்துகினு வந்துட்டேன்னு சொன்னா யாருக்கும் விரல் போகாது. இங்க எழுதினா போகும்.” அன்றைக்கு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.

நாட் ஓகே

மறுநாள் காலை அவசர லோடு. இசக்கி அண்ணனை நாலாம் நம்பருக்கே திரும்ப அனுப்பினார்கள். அவர் ரிஜிஸ்டர் பக்கத்தில் வந்து காத்துக்கொண்டு நின்றார். “எழுதுடா. நீ எழுதினாத்தான் அவன் உக்காருவான்” என்றார் தேவராஜ் சார். அடுத்த மாதம் என் ட்ரெய்னிங் முடிகிறது. என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று எழுதப்போவது அவர். நான் எழுதினேன்: ‘செக்டு. நாட் ஓகே.’ எழுதிய வீரத்தில் நிமிர்ந்து பார்த்தால், இசக்கி அண்ணன் தலையாட்டிவிட்டுப் பிரஸ்ஸை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். அவருக்கு ஓகே தெரியும். நாட் தெரியாது.

“அண்ணே, கைய வெக்காதீங்க!” என்று நான் கத்தியதில் பக்கத்து லைனே நின்றுவிட்டது. பேப்பர் கிழிகிற மாதிரி அந்த ஓகேயை அடித்துவிட்டு, ஓகேயே இல்லாமல் எழுதினேன்: ‘சென்சார் இஸ் டெட். டூ நாட் ரன்.’ இசக்கி அண்ணன் திரும்பி வந்து கட்டத்தைப் பார்த்தார், தேவராஜ் சாரைப் பார்த்தார், கையுறையைக் கழற்றினார். “ஓகேயக் காணோம் சார். நான் உக்கார மாட்டேன்.”

சாயங்காலம் பார்சல் வந்து புதுச் சென்சார் மாட்டும்வரை பிரஸ் நின்றது. என்னை அன்றைக்கே பேக்கிங்குக்கு மாற்றினார்கள். சேர்ந்த எட்டு மாதத்தில் டென்ஸ் தப்பில்லாமல் நான் எழுதிய ஒரே வரி அந்த ‘சென்சார் இஸ் டெட்’தான். அடுத்த ஆடிட்டுக்கு முன்னால் அதை அழிக்கச் சொல்லி ஒயிட்னரைக் கையில் கொடுத்தார் தேவராஜ் சார், நான் அழிக்கவில்லை.