பதினேழு இடத்தில் ஒரே நிபந்தனை

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அன்புச்செல்வனுக்குப் பெயர் ‘கம்ப்யூட்டர் சார்’. பொம்மை கம்பெனி ஒன்றில், எந்தப் பலகையில் அடுக்கிய பொம்மைகள் சூளைக்குப் போகலாம் என்று சொல்லும் புரோகிராமை எழுதியவர் அவர். எழுதினார் என்பதைவிட இழுத்தார் என்பதே சரி. வார்த்து மூன்று நாள் ஆகியிருந்தால், வெடிப்பு இல்லாவிட்டால், எடை குறைந்திருந்தால், வெயில் அடித்திருந்தால் என்று ஒரு ‘இஃப்’ நிபந்தனை கூட்ஸ் ரயில் நீளத்துக்கு ஓடும். அதையே பதினேழு இடத்தில் காப்பியடித்து ஒட்டியிருந்தார்.

சோம்பேறித்தனம் மட்டுமல்ல. வேறு யாருக்கும் புரியாதவரை தன்னை வேலையைவிட்டு அனுப்ப முடியாது என்று நம்பினார். ஒன்பது வருடமாக அது பலித்தது. முதலாளி ராஜாங்கம் அந்தத் திரையைக் கும்பிடாத குறைதான்.

சூளை ஏற்றும் அம்புஜவல்லி பொம்மையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்றிருந்தால் ஈரம். மற்றவர்கள் “காஞ்சிருக்காக்கா?” என்பார்கள். ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல்வார். இதெல்லாம் ஒரு டெக்னாலஜியா என்று அன்புச்செல்வன் சிரிப்பார்.

ஐப்பசி மழைக்கு மூன்று நாளை ஐந்தாக்கச் சொன்னார் முதலாளி. அன்புச்செல்வன் பதினாறு இடத்தில் மாற்றினார், ஒன்றை மறந்தார். அன்றைக்கென்று அம்புஜவல்லி கருவேப்பிலங்குறிச்சிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரை ‘ஏற்றலாம்’ என்றது, ஏற்றினார்கள். இருநூறு யானைப் பொம்மைகள் ஈரத்தோடு சூளைக்குள் வெடித்துச் சிதறின. அன்புச்செல்வன் மழையின் மேல் பழி போட்டார்.

முதலாளி புரோகிராமைச் சரிசெய்ய இளமதி என்ற பெண்ணை வேலைக்குச் சேர்த்தார். அவள் அந்தப் பதினேழையும் அழித்தாள். நிபந்தனைகளை ஒரே இடத்தில் வைத்து, ‘காஞ்சிருக்கா’ என்ற பெயரில், ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் ஒரு சின்ன மெத்தட் எழுதினாள். மற்ற இடங்களில் ‘இஃப் காஞ்சிருக்கா’ என்று ஒரே வரி.

“இவ்ளோதானா? சின்னப்புள்ள வேலையா இருக்குது” என்றார் அன்புச்செல்வன். சொல்லிவிட்டு, தன் பழைய பதினேழில் ஒன்றாவது மிச்சமிருக்கிறதா என்று திரையில் தேடினார்.

மறுவாரம் வெயில் அடித்தது. அம்புஜவல்லி களிமண் கையோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

“இந்த அஞ்சுதான் காயற நாளாம்மா? நாலாக்கிடு. நல்லா காயுது.”

இளமதி ஓரிடத்தில் மாற்றினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. முதலாளி சரியென்று தலையாட்டிவிட்டுப் போனார். எதிர் நாற்காலியில் இருந்த அன்புச்செல்வனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டது அம்புஜவல்லிதான்.

“சார், சும்மாதான இருக்கீங்க. இந்தப் பலகைய ஒரு கை புடிங்க.”

அன்புச்செல்வன் எழுந்து பிடித்தார்.