திருப்பத்தில் துள்ளிய புது பைக்

தொண்ணூறுகளில், நல்ல வேகம் போகும் புது பைக் ஒன்றை வாங்கினேன். சென்னிமலைக் கோயிலில் பூஜை போட்டோம். கண் படக் கூடாதென்று என் மனைவி ஹேண்டில்பாரில் கறுப்புக் கயிற்றை இறுக்கிச் சுற்றிக் கட்டினாள்.

அன்றோடு என் நிம்மதி போயிற்று. பெரிய ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகும் வண்டி, சந்துகளில் மெதுவாக ஓட்டினால் வெடுக்வெடுக்கென்று துள்ளியது. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கார்பரேட்டர் ஸ்க்ரூவை நானே திருகினேன். குறைத்தால் எஞ்சின் அணைந்தது. கூட்டினால் மறுபடி துள்ளல். சாப்பாட்டின் நடுவிலும் எழுந்து போய்த் திருகினேன்.

"ஏனுங்க, சோறு ஆறுதுங்க. அது வண்டியா, கைக்குழந்தையா?" என்றாள் மனைவி.

ஒரு ஞாயிறு, கிணத்துக்கடவில் உறவினர் வீட்டு வாசலில் வண்டியை ஒடித்துத் திருப்பினேன். ஆக்ஸிலேட்டரை முறுக்கவே இல்லை. ஆனாலும் வண்டி சீறிப் பாய்ந்தது. பிரேக்கை அழுத்தி மிதித்தேன். தேங்காய் உரிக்க நட்டிருந்த கூர்க்கம்பிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி இறங்கிக்கொண்டே சொன்னாள்: "நேராப் போறப்ப ஒண்ணுமில்லீங்க. திருப்புனாத்தானுங்க தூக்குது."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். கயிறு, ஆக்ஸிலேட்டர் கேபிளையும் சேர்த்து ஹேண்டில்பாரோடு இறுக்கியிருந்தது. திருப்பும்போதெல்லாம் கேபிள் இழுபட்டு, நான் முறுக்காமலே எஞ்சின் வேகமெடுத்திருக்கிறது. கயிற்றை அறுத்து, ஸ்க்ரூவைப் பழையபடி வைத்தேன். வண்டி பூப்போல நகர்ந்தது.

இப்போதெல்லாம் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதற்கு முன், எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலைத் திருப்பிச் சத்தம் மாறுகிறதா என்று கேட்கிறேன். மனைவி கயிறு கட்டுவதை விடவில்லை. ஆனால் கட்டியதும் அவளே ஹேண்டிலை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் சாவியைத் தருகிறாள்.