அட்டமியில் தள்ளிவைத்த கத்தி

என் மேசை லாச்சிக்குள் ஒரு செம்மஞ்சள் வில்லை கிடக்கிறது. மாட்டின் காதில் குத்துகிற பிளாஸ்டிக் துண்டு. எந்தக் காதிலும் ஏறாதது. அத்தான் எறியச் சொன்னதை நான்தான் எடுத்து வைத்தேன். கருமுட்டை உண்டாகிற சூலகத்தில் எனக்கு ஒரு கட்டி. வருகிற செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன். அன்றைக்கு அட்டமி என்று அம்மா கலண்டரில் கண்டுபிடித்ததிலிருந்து அந்த வில்லையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது.

அத்தான், என் அக்காவின் கணவர், ஸ்காபரோ வீட்டை ஈடுவைத்து, ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு பண்ணையில் இன்னும் கன்று போடாத நாகு மாடுகளை வாங்கி இறைச்சிக்கு வளர்க்க விட்டார். அவரோ மச்சம் தொடாத சைவக்காரர். கேட்டால், "நான் தின்னேல்லை, விக்கிறன். ரெண்டும் வேற" என்பார். நாகு சினைப்பட்டால் வாங்குகிறவன் விலையை முறிப்பான். சூலகத்தை எடுத்துவிட்டால் அந்தப் பயமில்லை. வைத்தியருக்குக் கூலி, ஒன்றிரண்டு செத்தும் போகலாம், வளர்த்தி கொஞ்சம் குறையும், பிறகு கன்றுக்கென்று விற்கவும் முடியாது. என்றாலும் 'சினையில்லை' என்ற உறுதிக்கு வாங்குகிறவன் கூடக் கொடுப்பான். அந்த உறுதிக்கு அடையாளமாகத்தான் செம்மஞ்சள் வில்லைகள் வாங்கினார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

மிருக வைத்தியர் குறித்த நாள் அட்டமி. "வாயில்லாச் சீவனுக்கு அட்டமியில கத்தி வைக்கிறதோ?" என்று அத்தான் தள்ளிப்போட்டார். வைத்தியர் மறுபடி வர இரண்டு மாதமாயிற்று. அதற்குள் பக்கத்துப் பண்ணைக் காளை வேலியை முறித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

வைத்தியர் கத்தியைத் தொடுமுன் தோள்வரை கையுறை மாட்டி ஒவ்வொரு நாகாகச் சோதித்தார். "பிரெக்னன்ற்" என்றார். அடுத்ததற்கும் அதையே சொன்னார். காரோட்டிப் போன நான், இதாவது இல்லையென்று வரட்டும் பிள்ளையாரே என்று வேண்டியபடி நின்றேன். அத்தான் கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உன்ர கொக்காவுக்கு நான் என்னெண்டு சொல்லுவன்?" என்று கேட்டார். வாங்குகிறவன் விலையை முறித்தான்; ஈட்டுக்கடனைக் கட்ட முடியாமல் வீடு போனது. இப்போது டோர்செட் பார்க்கில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

"ஒரு கிழமை பிந்தினா என்ன, நாளை மாத்து" என்று அம்மா நேற்று அழுதாள். கட்டியை எடுக்கப் பிந்தாதே என்கிறார் டொக்டர். இரண்டு பக்கமும் பயம். அத்தானுக்குப் போன் எடுத்தேன். இன்றைக்கும் நாள் பார்த்துத் தலைமயிர் வெட்டுகிற மனிதர். செவ்வாய்க்கிழமை அட்டமி என்பதையும் அம்மா அழுததையும் சொன்னேன்.

"செவ்வாய்க்கிழமை எத்தினை மணிக்கு வரவேணும்? நான்தான் உன்னைக் கொண்டுபோய் விடுவன்."

வில்லையை எடுத்து ஆஸ்பத்திரிப் பைக்குள் போட்டேன். பயம் இன்னும் போகவில்லை. அந்த நாளை மாற்றவுமில்லை.