இரண்டு தெரு தள்ளி

மளிகை அங்காடியின் பின்பக்கம், குப்பைத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே வண்டியைச் செருகிவிட்டு எமில் டோமெக் இறங்குகிறார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறார். சத்தம் வராமல் கதவை இடுப்பால் தள்ளிச் சாத்துகிறார். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளர் மன்றத்துக்கு நடக்கத் தொடங்குகிறார். வெள்ளிக்கிழமை, மன்றத்தில் பொரித்த மீன். அமெரிக்காவின் கெனோஷாவில் ஏரிக்காற்று அடிக்கிற அடிக்கு எழுபது தாண்டிய மனுஷன் எதற்காக நடக்க வேண்டும்? கேட்டால், "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்பார். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

ராம்ப்ளர் கார் ஆலையில் கதவு மாட்டியவர் எமில். ரப்பர் சுத்தியல் ஒன்று, தன் முழங்கால் ஒன்று, இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கோணல் கதவையெல்லாம் வழிக்குக் கொண்டுவந்தவர். அந்தப் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. சர்ச் கதவானாலும் குளிர்பெட்டிக் கதவானாலும் ஒருதரம் சாத்துவார், திறப்பார், மறுபடி சாத்தித் தலையைச் சாய்த்துக் கேட்பார். "டப்புனு விழணும். டங்குனு கேட்டா எங்கயோ கோணல்னு அர்த்தம்." மைத்துனரை அடக்கம் செய்யப் போன இடத்தில் சவ வண்டியின் கதவையே அப்படிச் சாத்திப் பார்த்து, மனைவி லொரெய்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவர் சோதித்துப் பார்க்காத கதவு ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய சொந்த வண்டியின் கதவு. ஏனென்றால் அந்த வண்டி டொயோட்டா.

கோடையில் வெளியூர்களிலிருந்து பழைய ராம்ப்ளரை ஓட்டிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். பிறந்த வீட்டுக்கு வண்டியைக் கூட்டி வருகிறார்களாம்! அவர்களை உட்காரவைத்துக் கதை சொல்வது எமில்தான்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுல சின்ன வண்டின்னு விட்டப்ப ஊரே சிரிச்சுது. டெட்ராய்ட்ல இருந்த பெரிய கம்பெனிக்காரன் அப்ப கப்பல் கணக்கா வண்டி செஞ்சிட்டிருந்தான், போதாததுக்கு வால்ல ரெக்கை வேற. நடுவுல நாங்களே அந்தச் சின்னதை நிறுத்திட்டோம். அப்புறம் ஐம்பத்தெட்டுல நாடே காசில்லாம கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னுது பாருங்க, அப்ப பழைய அச்சைத் தூசி தட்டி அதே வண்டியைத் திரும்ப விட்டோம். பிச்சுக்கிட்டுப் போச்சு! சீட்டைச் சாய்ச்சா கட்டில். பொண்ணைப் பெத்தவன் எவனும் ராம்ப்ளர் வச்சிருக்கிற பையனோட பொண்ணை வெளிய அனுப்ப மாட்டான்."

எல்லாரும் சிரிப்பார்கள். கடைசி ராம்ப்ளர் வெளிவந்த அறுபத்தொன்பதோடு எமில் கதையை நிறுத்திவிடுவார். அப்புறம் என்னாச்சு என்று யாராவது கேட்டால், "மீன் ஆறுது, சாப்பிடுங்க" என்பார்.

அப்புறம் நடந்தது கெனோஷாவில் எல்லாருக்கும் தெரியும். வேறு பெயர்களில் வேறு வண்டிகள் வந்தன. எண்பத்தெட்டில் ஆலையில் வண்டி செய்வதே நின்றுபோனது. சின்ன வண்டி போதும், சிக்கனமான வண்டி போதும் என்று இவர்கள் தொண்டை கிழியச் சொன்னதை ஜப்பான்காரர்கள் செய்து விற்றார்கள். அந்த வயிற்றெரிச்சலில் மன்றத்து வாசலில் ஒரு பலகை ஏறியது: 'வெளிநாட்டு வண்டியா? கடல் தாண்டிப் போய் நிறுத்து.' எழுதியவர் பெயின்ட் பிரிவு ஹார்வி. வாசகம் எமிலுடையது.

ஓட்டோ என்று ஒரு பழைய தோழர் ஒருநாள் அந்தப் பலகைக்கடியில் ஜப்பான் வண்டியில் வந்து இறங்கினார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வந்து உட்கார்ந்ததும் அந்த மேசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், அவ்வளவுதான். முதலில் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர் எமில். ஓட்டோ தலையைக் குனிந்துகொண்டு தனியாக மீனைத் தின்றுவிட்டுப் போனார். அப்புறம் வரவே இல்லை.

லொரெய்ன் போய்ச் சேர்ந்த பிறகு எமிலுக்குப் பேச்சுத்துணை என்று இருப்பது அந்த மேசை ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் மிச்சம் தொலைக்காட்சிதான். பனிக்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு அவருடைய பழைய வண்டியை அரித்துத் தின்று தீர்த்தபோது, மேடிசனில் இருக்கும் மகள் மார்லா தன் டொயோட்டாவைக் கொண்டுவந்து வாசலில் விட்டாள். "இது நடுவழியில நிக்காதுப்பா. பனியில நீங்க எங்கயாவது மாட்டிக்கிட்டா அங்கேருந்து நான் என்ன செய்ய முடியும்?" அவள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"சனியன், ஒருநாளாவது மக்கர் பண்ணுதா பாரு" என்று காலையில் சாவியைத் திருப்பும்போதெல்லாம் திட்டுவார். மக்கர் பண்ணினால் அவமானம் கொஞ்சமாவது குறையும். அது என்னடாவென்றால் ஒரே திருப்பில் கிளம்பித் தொலைக்கிறது. மன்றத்திலிருந்து புறப்படும்போது, "ஏன்டா இப்படி நடந்து சாகுறே, வா, நான் கொண்டுபோய் விடுறேன்" என்று ஹார்வி கையைப் பிடித்து இழுப்பார். "டாக்டர்..." என்று ஆரம்பித்து எமில் நழுவிவிடுவார். நண்பனிடம் பொய் சொன்ன வெட்கம் அங்காடிவரை கூடவே நடந்து வரும்.

ராம்ப்ளர் கதையில் எமில் யாருக்கும் சொல்லாத பகுதி இன்னொன்று உண்டு. பாதி ஊருக்குச் சோறு போட்ட வண்டிதான், ஆனாலும் அப்போது பதினைந்து வயசான மார்லாவுக்கு அதெல்லாம் கணக்கா? தோழிகள் அண்ணன்மாரின் பளபளக்கும் மஸ்டாங் காரில் வந்து இறங்கிய காலம் அது. அப்பாவின் ராம்ப்ளருக்கு அவர்கள் வைத்த பெயர் 'லைப்ரரி டீச்சர் வண்டி'. மார்லா தினமும் பள்ளிக்கு இரண்டு தெரு முன்னாலேயே, "இங்கயே இறங்கிக்கிறேம்பா" என்பாள். எமில் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. கதவு டப்பென்று விழுவதைக் கேட்டுவிட்டு ஆலைக்குப் போய்விடுவார். அன்று முழுக்க மனசு சரியிருக்காது.

போன வெள்ளிக்கிழமை மார்லா வந்திருந்தாள். நானும் மீன் சாப்பிட வருகிறேன் என்றாள். கொட்டுகிற பனியில் எமில் வண்டியை ஓட்டிப் போனார். பழக்கதோஷம், கை தானாகத் திரும்பி அங்காடிக்குப் பின்னால் குப்பைத் தொட்டி ஓரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

"கடையில என்னப்பா வாங்கணும்?"

"ஒண்ணும் வாங்கல."

"அப்ப ஏன் இங்க?"

எமில் கையுறையை மாட்டினார். மார்லா அவரைப் பார்த்தாள், மன்றம் இருக்கும் திசையைப் பார்த்தாள். அந்தப் பலகை அவளுக்கும் தெரியும்.

"சரிப்பா," என்று மெதுவாகச் சொல்லிக் கதவைத் திறந்தாள். "இங்கயே இறங்கிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஐம்பது வயசுப் பெண்ணின் முகம் குப்பென்று சிவந்தது. எமிலுக்குக் கழுத்துவரை சூடேறியது. மகள் அன்றைக்கு வெட்கப்பட்டது சின்னப் பெண்ணாக இருந்தபோது. இந்த வயசில் தனக்கு என்ன வந்தது?

"கதவைச் சாத்தும்மா."

"பரவால்லப்பா, நடந்தே போயிரலாம்."

"சாத்துன்னு சொல்றேன்ல."

வண்டி பின்னால் நகர்ந்து, திரும்பி, இரண்டு தெருவையும் கடந்து மன்றத்து வாசலுக்குள் நுழைந்தது. பலகைக்கு நேர் கீழே நின்றது. ஜன்னலில் ஹார்வியின் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னும் சில முகங்கள் எட்டிப் பார்த்தன. யாருடைய கையிலோ தட்டு அந்தரத்தில் நின்றது.

எமில் இறங்கினார். இந்தத் தடவை இடுப்பால் தள்ளாமல் கையால் கதவைச் சாத்தினார். பிறகு, ஜன்னலில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கதவை மறுபடி திறந்து, சாத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.