மூப்பரின் மனைவியிடம் கேட்கும் கேள்வி

என் கணவர் கொர்னேலியுஸுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. திக்குவாய் எல்லாம் இல்லை, நன்றாகப் பாடுவார், ஜெபமும் செய்வார். அந்த ஒரு சொல் மட்டும் தொண்டையைத் தாண்டாது. ஊருக்கு முன்னால்தான் 'அவர்' என்கிறேன். வீட்டுக்குள் நீ, வா, போதான்.

எங்கள் ஊர் ஆக்-தெரெக்கின் பால்பண்ணையில் கறவை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. ஒருதடவை பக்கத்து ஊர்க்காரன் கண் தெரியாத குதிரை ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டான். இவரும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். நான்தான் அதை இழுத்துக்கொண்டு போய், அவன் வாசலில் நின்று நறுக்கென்று நாலு கேள்வி கேட்டு, திரும்பக் கட்டிவிட்டு வந்தேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டின் 'முடியாது' எல்லாம் என் வாய் வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது. அதனால் அவர் ஊருக்கு நல்லவர், நான் ராங்கிக்காரி. இருந்துவிட்டுப் போகட்டும்.

சோவியத் உடைந்ததும், தலைமுறைகளாகக் கிர்கிஸ்தானில் குடியிருந்த எங்கள் ஜெர்மானிய ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் போக ஆரம்பித்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாராவது ஒரு குடும்பத்தை முன்னால் நிறுத்தி வழியனுப்புப் பாட்டுப் பாடுவோம். அடுத்த ஞாயிறு அவர்கள் பெஞ்சு காலியாக இருக்கும். எங்கள் மகள் யுஸ்தினாவும் மருமகனும் அப்படித்தான் போனார்கள். போன இடத்தில் அவளுக்கு இரண்டு கர்ப்பம் கலைந்தது. மூன்றாவது தங்கியிருக்கிறது, ஆனால் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்கும் விசா வந்துவிட்டது. நான் பெட்டிகூட வாங்கிவிட்டேன். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். பிள்ளை பிறக்கிறவரைக்கும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் சபை மூப்பர் தேவ்ஸ் மாமாவுக்கும் விசா வந்தது. மாமா கிளம்பினால் சபைக்கு மூப்பர் வேண்டும்.

எங்களிடம் மூப்பர் என்றால் எங்கோ படித்துவிட்டு வருகிறவர் இல்லை. சபையில் இருக்கும் ஆண்களில் ஒருவரைத்தான் எடுப்பார்கள். சம்பளம் கிடையாது. தன் வேலையையும் பார்த்துக்கொண்டு சாகும்வரை ஊழியம் செய்யவேண்டும். எனக்கு வேண்டும் என்று யாராவது வாய்விட்டுக் கேட்டால் அதைவிட வெட்கக்கேடு இல்லை. நகரத்திலிருந்து மூத்த ஊழியர் ஒருவர் வந்து பக்க அறையில் உட்காருவார். ஒவ்வொருவராகப் போய் அவர் காதில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வரவேண்டும். அதிகம் விழுந்த பெயருக்கு அழைப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அந்த ஆளை முதலில் கேட்கமாட்டார்கள். சபைக்கு முன்னால் அவர் மனைவியை எழுப்பி, "சகோதரி, உங்கள் கணவரை இந்த ஊழியத்துக்குக் கொடுக்கச் சம்மதமா?" என்று கேட்பார்கள். அவள் மறுத்தால் பேச்சு அதோடு முடிந்தது. அவர் தலைமேல் கை வைத்து ஊழியத்தில் அமர்த்தமாட்டார்கள். அவள் சம்மதித்தால் அதற்குப் பிறகுதான் அவரைக் கேட்பார்கள்.

யார் பெயர் விழும் என்று யாருக்கும் சந்தேகமே இல்லை. மிச்சம் இருந்த ஆண்களில் பாதிப்பேருக்குக் காது கேட்காது. மீதிப்பேர் புதிதாக வந்த கிர்கிஸ் பையன்கள், ஞானஸ்நானத் தண்ணீர்கூட இன்னும் காயவில்லை.

தேவ்ஸ் மாமா வீட்டுக்கு வந்து தேநீரைக் குடித்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார்.

"நேத்தா, ஆண்டவர் இந்த ஜனத்தைக் கைவிடமாட்டாரு. ஒரு ஆளைக் காட்டுவாரு."

"உங்களுக்கு விசாவைக் காட்டினாரு, எங்களுக்கு ஊழியத்தைக் காட்டறாரா மாமா?"

"இப்படிப் பேசலாமா?"

"பேசாம? என் பொண்ணு அங்க படுத்த படுக்கையா கெடக்கா. நீங்க போறது எதுக்கு? பேரப்பிள்ளைங்கள பாக்கத்தானே?"

மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கொர்னேலியுஸ் வாசல்வரை போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் சோனுனுக்கும் விஷயம் எட்டிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அக்கா, உன் வீட்டுக்காரர் மொல்லா ஆகப்போறாராமே? இனிமே விருந்துன்னா மரியாதைக்கு ஆட்டுத் தலையை அவருக்குத்தான் வைக்கணும்" என்றாள்.

"எங்க மொல்லாவுக்குத் தலையெல்லாம் வராதுடி. சாவு வீட்டுக்குக் குழி வெட்டற மண்வெட்டிதான் வரும்."

"அப்ப இப்பவே பாதி மொல்லாதானே. போன மாசம் என் மாமனாருக்குக் குழி வெட்டினதே அவருதான்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்கும் சோறு இறங்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டு நிறையப் போட்டுவைப்பார், வாய்க்குப் போகாது. தெருவில் வண்டி நின்றால் கரண்டியும் நின்றுவிடும். அவருடைய அப்பாவும் உபதேசிதான். ஸ்டாலின் காலத்தில் போலீஸ் வண்டி வந்து நின்று, சாப்பாட்டு மேசையிலிருந்தே எழுப்பிக் கூட்டிப்போனார்கள், திரும்பவே இல்லை. காலம் மாறிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் வயிற்றுக்கு மட்டும் தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"நாளைக்கு உன் பேரு விழுந்தா என்ன சொல்லுவ?"

"என் பேரை யாரு சொல்லுவா?"

"மாட்டுக்கு ஓட்டு இல்ல. மிச்ச எல்லாரும் சொல்லுவாங்க."

கொஞ்ச நேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "மொதல்ல உன்னைத்தானே கேப்பாங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் நிம்மதியாக என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறார். சபையில் எல்லோர் முன்னாலும் எழுந்து, ஆண்டவர் கேட்டதைத் தரமாட்டேன் என்று நான் சொல்லவேண்டும். இவர் பாவம்போலத் தலையைக் குனிந்துகொண்டு ஜெர்மனிக்கு வருவார். அங்கேயும் நம் ஜனங்கள்தானே இருக்கிறார்கள்? அழைப்பைத் தடுத்தவள் என்ற பெயர் எனக்கு முன்னால் அங்கே போய் இறங்கியிருக்கும். சரி, மகளுக்காக அதையும் சுமப்போம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். சம்மதமில்லை என்று சொல்லத்தான் மறுநாள் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

பக்க அறைக்குள் ஒவ்வொருவராகப் போய்வந்தார்கள். நகரத்திலிருந்து வந்த பெரியவர் வெளியே வந்து, "கொர்னேலியுஸ்" என்றார். யாரும் ஆச்சரியப்படவில்லை. பெரியவர் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

எழுந்தேன். முன் பெஞ்சுக் கிழவிகள் எல்லோரும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்திக்கும் போக இடம் கிடையாது. அவர்களைப் பார்க்கக்கூடாது என்று கணவரைப் பார்த்தேன். அங்கேதான் வினை. சீக்கிரம் சொல்லித் தொலையேன் என்பதுபோல என்னையே கெஞ்சிக்கொண்டிருந்தன அவர் கண்கள். குதிரைக் கயிற்றை என் கையில் கொடுத்தபோதும் இதே பார்வைதான். இத்தனை வருஷக் கோபமும் ஒரேயடியாகத் தலைக்கு ஏறிவிட்டது. இந்த ஒன்றையாவது உன் வாயால் சொல், ஆம்பிளை.

"சம்மதம்" என்றேன்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பெரியவர் அவரிடம் திரும்பி, "சகோதரரே, உமக்கு?" என்று கேட்டார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். ஆண்டவரே, இந்த மனுஷன் ஒரே ஒரு தடவை உமக்கு முடியாது என்று சொல்லட்டும் என்று அந்த ஆண்டவரிடமே ஜெபம் செய்தேன். யாரோ இருமினார்கள். அவர் வாயைத் திறக்கக் காணோம். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"சம்மதம்" என்றார்.

முழங்காலில் நிற்கவைத்துத் தலைமேல் கை வைத்தார்கள். கிழவிகள் அழுதார்கள். எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டார்கள். நான் மரம்போல நின்றேன்.

வீட்டுக்குப் பாதி வழி நடந்திருப்போம்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"நீ சம்மதம்னு சொல்லிட்டியே, நேத்தா. நீ! உன்னையே மாத்திட்டாருன்னா, அது ஆண்டவர் குரல்தானே? அதுக்கப்பறம் நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"ஆண்டவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன்மேல இருந்த கோவத்துல சொன்னேன். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

அப்படியே நடுத்தெருவில் நின்றுவிட்டார். பீட்ரூட் ஏற்றிய வண்டி ஒன்று ஒலி எழுப்பி எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

"அப்ப திரும்பிப் போயி சொல்லிடலாமா?" என்றார்.

"யாரு சொல்றது?"

அவர் என்னையே பார்த்தார். இந்தத் தடவை என் வாயால் சொல்லமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். கடைசியில் இருவரும் வீட்டைப் பார்த்து நடந்தோம். பெரியவர் மாலை பஸ்ஸில் நகரத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் தபால் நிலையத்துக்குப் போய் ஜெர்மனிக்குப் போன் போட்டோம். "நீயே சொல்லு" என்று அவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் தள்ளிவிட்டு நானும் பின்னாலேயே நுழைந்தேன். அவர் மகளிடம் உடம்பு எப்படி என்று கேட்டார், சாப்பிட்டாயா என்று கேட்டார், இங்கே மழை என்றார். கடைசியில் சபை, அழைப்பு, கிழவிகள் என்று முன்னும் பின்னுமாக உளறிவிட்டு ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"அம்மா, அப்பா என்னென்னமோ சொல்றாரு. நீங்க வரலையா?" என்றாள் யுஸ்தினா.

"அப்பாவை மூப்பராக்கிட்டாங்க, கண்ணு."

"சரி, அப்பா இருக்கட்டும். நீ மட்டும் வாயேன் அம்மா. பிள்ளை பொறக்கற வரைக்கும். எனக்குப் பயமா இருக்கு."

மனைவி ஒரு நாட்டிலும் தான் ஒரு நாட்டிலுமாக இருக்கிறவர் எங்கள் சபையில் பிரசங்க மேடை ஏறமுடியாது. நான் கொடுத்த சம்மதம் அதற்கும் சேர்த்துத்தான். கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். அதற்குள் இரண்டு கிழவிகள் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குக் கூரை ஒழுகுகிறதாம், இன்னொருத்திக்கு மகனோடு சண்டையாம். இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

"வரியா?"

"முடியாதுடி, கண்ணு" என்றேன்.