பேனட் இல்லாத வண்டி

அறந்தாங்கி முனியசாமி முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு விபத்துகூடச் செய்ததில்லை. அவர் ஓட்டிய பஸ் சிலவற்றைச் செய்திருக்கிறது. அதற்கு அவர் பொறுப்பல்ல என்பது அவருடைய முதலாளியின் கட்சி. முதலாளி எந்தக் கட்சியோ முனியசாமியும் அதே கட்சி.

முதலாளி சொக்கு திருமயம் பக்கத்துக்காரர். அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்கு ஓடிய 'பொன்மாரி டிரான்ஸ்போர்ட்' அவருடையது. ஆயுத பூஜையன்று பஸ்களுக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து முடிந்ததும், விபத்தில்லாமல் ஓட்டியவர் என்று ஒரு டிரைவரைக் கூப்பிட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கொடுப்பார். அநேகமாக அது முனியசாமியாகத்தான் இருக்கும். அவர் வீட்டுச் சாமி அலமாரியில் இடம் போதாமல் விளக்குகள் பீரோ மேல் ஏறிவிட்டன.

விளக்கு வாங்கும் வழி மிகச் சுலபம். பம்பர் நசுங்கினால், வண்டி ஷெட்டுக்குத் திரும்புமுன் புதுக்கோட்டைப் பட்டறை ஒன்றில் நிமிர்த்திவிட வேண்டும். கண்ணாடி உடைந்தால் எவனோ கல்லை விட்டெறிந்திருப்பான். ஆடு அடிபட்டால் அது முன்பே சீக்கு வந்த ஆடு. பயணிகளும் தங்கமானவர்கள். "கேஸு கீஸு ஆக்கிப்புடாதீங்கப்பா, புள்ளகுட்டிக்காரரு" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். எழுதப்படாதது நடக்கவில்லை. நடக்காததற்கு விளக்கு.

ஒரே டிரைவர் அடுத்தடுத்து இரண்டு டூட்டி பார்ப்பது அந்தக் கம்பெனியில் சகஜம். "முனியசாமி, இன்னொரு டிரிப்பு போயிட்டு வந்துர்றியா?" என்பார் முதலாளி. வாக்கியத்தின் முடிவில் கேள்விக்குறி இருப்பதுபோலத்தான் காதில் விழும். முனியசாமி ஒருநாளும் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டதில்லை.

அப்போதெல்லாம் தூக்கத்துக்கு மருந்து கண்டக்டர் கருப்பன்தான். டிக்கெட் கிழித்து முடித்ததும் டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கும் பேனட் மேல் வந்து உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்தால் பேச்சுதான். கொழுந்தியாள் சண்டை, கோழிக்கு வந்த கழிச்சல், ஊராட்சித் தேர்தலில் யார் யாரைக் கவிழ்த்தார்கள் என்று எதுவானாலும் சரி. பதில் வரவில்லையென்றால் முனியசாமியின் தொடையில் ஒரு தட்டு. பேனட் சூட்டில் கருப்பனுக்கு வராத வியாதியில்லை. அதற்கு விளக்கு கிடையாது.

அந்தக் கருப்பன் ஒரு வருஷம் விராலிமலைத் தைப்பூசத்துக்குப் போய்க் கத்திவிட்டுத் தொண்டை கட்டி வந்தார். அன்று சாயங்காலம் அழியாநிலைக்குச் சற்று முன்னால் பஸ் சாலையை விட்டுக் கண்மாய்க்குள் இறங்கி நின்றது. தண்ணீர் இல்லாத வருஷம். யாருக்கும் ஒன்றுமில்லை. முன் சீட்டில், பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த முனியசாமியின் மகள் அன்புமொழிக்கு மட்டும் தாடையில் தையல். சைக்கிளில் விழுந்துவிட்டாள் என்று ஊரில் சொன்னார்கள். அந்த வருஷம் அவர்கள் வீட்டில் சைக்கிளே கிடையாது.

அன்புமொழி வளர்ந்து விமானம் ஓட்டப் போனாள். எப்படிப் போனாள் என்பதற்கு அறந்தாங்கியில் நாலைந்து கதைகள் உண்டு. எல்லாமே தப்பு. படித்துப் போனாள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அவள் துணை விமானி. அதாவது கேப்டனுக்குப் பக்கத்துச் சீட்டு.

"அப்ப கிளீனரா?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"ரெண்டாவது டிரைவருப்பா" என்றார் முனியசாமி.

"ஒரு வண்டிக்கு எதுக்கு ரெண்டு டிரைவரு?"

முனியசாமிக்கும் அது விளங்கவில்லை. அதைவிட விளங்காத ஒன்று அவளுடைய விமானக் கம்பெனியில் இருந்தது. தப்புச் செய்தவரே அதை எழுதிக் கொடுக்கலாமாம். எழுதியவரைத் திட்டமாட்டார்களாம். தரை தொடும் நேரத்தில் வேகம் சரியில்லை என்று மறுபடி மேலே ஏறிச் சுற்றிவந்து இறங்கினோம், அதை நானே எழுதிக் கொடுத்தேன் என்று அவள் ஒருமுறை வீட்டில் சொன்னபோது முனியசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

"யாரும் பாத்தாய்ங்களா?"

"யாரும் பாக்கல."

"பெறகு ஏன் ஆத்தா எழுதுன?"

மகளைப் பெற்றதே தவறோ என்பதுபோல மனைவி காத்தாயியைப் பார்த்தார். காத்தாயி அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

இப்படி இருக்கையில் சொக்குவின் பேத்தி அர்ச்சனாவுக்குச் சென்னையில் கல்யாணம் வந்தது. முந்தின நாள் இரவு மாப்பிள்ளை அழைப்பு. மண்டப வாசலில் நின்று மாப்பிள்ளைக்கு மாலை போட வேண்டியவர் சொக்கு. வீட்டுக்கு மூத்தவர், வேறு யாரும் போட முடியாது. "ஒன் மக ஓட்டுற ப்ளேன்லயே போவோம்ப்பா. நீயும் காத்தாயியும் வாங்க" என்றார். பஸ்களை விற்று வருஷங்கள் ஆகியிருந்தாலும் அவர் சொன்னால் முனியசாமிக்கு அது டூட்டிதான்.

திருச்சியில் மத்தியானம் விமானம் ஏறினார்கள். ஜன்னலோரம் சொக்கு, நடைபாதையோரம் காத்தாயி, நடுவில் முனியசாமி. தனக்கென்று தனிக் கதவு வைத்த சீட்டில் ஆயுளைக் கழித்தவருக்கு நடுசீட்டு. இருபக்கமும் கைப்பிடிகளை மற்றவர்களின் முழங்கைகள் எடுத்துக்கொண்டன. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. முன் சீட்டுக்காரரின் பைதான் அகப்பட்டது.

கதவைச் சாத்தினார்கள். விமானம் நகரவில்லை. சென்னையில் பேய் மழை, இறங்க அனுமதி இல்லை என்று கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னார். சிறிது நேரத்தில் கதவை மறுபடி திறந்து படிக்கட்டை ஒட்டவைத்தார்கள். இறங்க விடவில்லை. யாரோ புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஒரு குழந்தை அழுது முடித்து, இளைப்பாறி, மறுபடி ஆரம்பித்தது. முனியசாமிக்கு வேறு போக்கிடம் இல்லாததால் தூங்கிப்போனார். நல்ல தூக்கம்.

சொக்கு தட்டி எழுப்பினார். செல்போனை மூக்குக்கு அருகில் வைத்திருந்தார். எந்த விமானக் கம்பெனி எத்தனை பத்திரமானது என்று நட்சத்திரம் போட்டுக் காட்டும் பக்கம் அது.

"இந்தக் கம்பெனியில இதுவரைக்கும் ஒண்ணுமே நடக்கலையாம்ப்பா. முழு நட்சத்திரம்."

"நடக்கலையா, எழுதலையா மொதலாளி?" என்றார் முனியசாமி. தூக்கக் கலக்கத்தில், தொழில்காரனின் சாதாரணக் கேள்வியாகத்தான் கேட்டார். சொக்கு செல்போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்போது மறுபடி அறிவிப்பு வந்தது. சென்னையில் மழை விட்டுவிட்டது. ஆனால் விமானிகளின் வேலை நேரம் முடியப்போகிறது. அதை நீட்டிக்க முடியுமா என்று பார்க்கிறோம், பொறுத்திருங்கள்.

சொக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேலை நேரமா? மழையே விட்டுருச்சு, இவுக விடலையா? இப்ப எடுத்தாத்தான்ப்பா மாலை போட நேரத்துக்குப் போகலாம். போ, ஒன் மகள்ட்ட கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லு. நீ சொன்னா கேப்பா."

"நானா மொதலாளி?"

"பெறகு நானா?"

காத்தாயி காலை மடக்கி வழிவிட்டாள். விமானத்தின் முன்பக்கம், காபி கலக்கும் மூலையில், அன்புமொழி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பணிப்பெண் முனியசாமியைத் தடுக்க வந்தாள். "எங்கப்பாதான்" என்றதும் நகர்ந்தாள்.

"எந்திரிச்சு வரக்கூடாதுப்பா."

"மொதலாளி அனுப்புனாரு ஆத்தா."

"என்னா சொல்லச் சொன்னாரு?"

"கொஞ்சம் அனுசரிச்சு..."

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. "விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வந்தேன்ப்பா. இது எத்தனாவது டிரிப்புன்னு யோசிச்சாத்தான் தெரியுது. ராத்திரி தங்குன ஓட்டலுக்குக் கீழ கல்யாண மண்டபம். விடிய விடிய செண்டமேளம். இன்னும் கொஞ்ச நேரம் வேலை பாக்க முடியுமான்னு கேப்டன் கேக்குறாரு. ரெண்டு பேரும் முடியும்னு சொன்னாத்தான் வண்டி எடுக்கலாம்."

"அவரு முடியும்னுட்டாரா?"

"அவரு நல்லா இருக்காரு. நான்தான் சரிபாக்குற அட்டையில ஒரே வரிய ரெண்டு தடவ வாசிச்சேன். வாசிச்சது எனக்கே தெரியல. அவருதான் சொன்னாரு."

"அப்ப அவரு ஓட்டட்டும். நீ சும்மா உக்காந்து வா."

"சும்மா உக்காற அங்க சீட்டு போடலப்பா. அவரு தப்புப் பண்ணா நான் பாக்கணும், நான் பண்ணா அவரு பாக்கணும். அதுக்குத்தான் ரெண்டு பேரு."

டீக்கடைக் கேள்விக்கு முனியசாமிக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது. சொல்வதற்கு டீக்கடை பக்கத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தார். திரையின் இடுக்கில் சொக்குவின் தலை, ஜன்னலோரத்திலிருந்து எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் மகள். இரண்டுக்கும் நடுவில் ஆள் நிற்குமளவுக்கு மட்டுமே இடம். கடைசியில், தன் தொழிலில் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னார்.

"நான் வேணா உள்ள வந்து ஒம்பக்கத்துல உக்காந்துக்கிறேன் ஆத்தா. மெட்ராஸ் வரைக்கும் பேசிக்கிட்டே வாரேன். கருப்பன் எனக்குப் பேசுன மாதிரி."

பணிப்பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்புமொழி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு வந்த வேகத்திலேயே எங்கோ நின்றது.

"அங்க பேனட் கெடையாதுப்பா."

"கீழ உக்காந்துக்கிறேன்."

"கருப்பன் மாமாவுக்குத் தொண்ட கட்டுன அன்னைக்கு?"

அவள் அதைக் குற்றமாகக் கேட்கவில்லை, சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். அடைத்துக்கிடந்த வெக்கையில் அவள் முகத்துப் பவுடர் கரைந்திருந்தது. தாடையில் தழும்பு பளிச்சென்று தெரிந்தது. முனியசாமி அதைப் பார்த்தார். வேறெங்கும் பார்க்க இடமில்லை.

"மொதலாளி மாலை போடணுமே ஆத்தா" என்றார்.

"தெரியும்ப்பா. நீங்களே சொல்லுங்க. எடுக்கவா?"

கேள்விக்குறியோடு யாராவது அவரைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"போய்ப் படு" என்றார்.

திரும்பி வந்து நடுசீட்டில் நுழைந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். அவசியமில்லாவிட்டாலும் இறுக்கிக்கொண்டார்.

"என்னப்பா சொன்னா?"

"அவ எடுக்குறேன்னுதான் சொன்னா மொதலாளி. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

பழைய பழக்கம் விடவில்லை. நடந்ததை மாற்றித்தான் சொன்னார். ஆனால் இந்தத் தடவை ஆடு சீக்கு ஆடு இல்லை, கல்லெறிந்தவன் எவனோ இல்லை.

"ஒன்னைய யாருப்பா கேட்டா?"

"அவதான் கேட்டா."

சொக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்க்க ஒரு சாமான் வண்டியைத் தவிர எதுவுமில்லை. அதையே பார்த்தார். விமானம் இன்று போகாது, எல்லாரும் இறங்கலாம் என்று அறிவிப்பு வரும்வரை மூன்று பேரும் முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அறிவிப்பு வந்ததும் மற்றவர்கள் பேசினார்கள்.

"பைலட்டுக்குத் தூக்கம் வருதாம்ல."

"பொம்பளப் புள்ளயாம்யா. நம்ம அறந்தாங்கிப் பக்கமாம்."

"அதான பாத்தேன்."

காத்தாயி எழுந்து நின்று பையை எடுத்தபடியே அந்தக் கடைசிக் குரலைத் தேடிக் கண்டுபிடித்தாள். "நீங்க தூங்கி வழியிறவுக ஓட்டுற வண்டியிலதான் ஏறுவீகளோ? நாங்க அப்புடி நெறைய ஏறியிருக்கோம். வேணும்னா சொல்றேன், கேளுங்க." அவர் கேட்கவில்லை. முனியசாமி குனிந்து தன் செருப்பைச் சரிசெய்தார். செருப்பு சரியாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் சொக்குவுக்கு உயிர் திரும்பிவிட்டது. யாரிடமோ பேசிக் காருக்கு ஏற்பாடு செய்தார். மாப்பிள்ளை அழைப்பு போனது போனதுதான், முகூர்த்தத்துக்காவது போய்ச் சேர வேண்டும். மாலையை மண்டபத்தில் யார் போடுவார்கள் என்று அவர் கேட்கவில்லை. முனியசாமியின் தோளில் கைவைத்தார். கோபமெல்லாம் போய், பழைய ஆயுத பூஜைக் குரலாகிவிட்டது.

"கார் டிரைவரு புதுப்பயலா இருக்கான்ப்பா. நீ எடு. ஒங்கையில ஸ்டீரிங் இருந்தா நான் பாட்டுக்குத் தூங்கிருவேன். மெட்ராஸ் வரைக்கும் ஓட்டிர்றியா?"

காத்தாயி கணவனைப் பார்த்தாள். அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். விமான நிலைய வாசலில் கார் சாவியை நீட்டி நின்ற டிரைவர் பையனுக்கும் தெரிந்திருந்தது. நீட்டிய கை அப்படியே இருந்தது.

"கண்ணு எரியுது மொதலாளி" என்றார் முனியசாமி.

சொக்கு அவர் கண்களைக் குனிந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே பார்த்ததில்லை. நடுசீட்டில் ஆசைதீரத் தூங்கிய கண்கள். வெள்ளை வெளேரென்று இருந்தன. காரில் ஏறும்போது, பின்சீட்டுக் கதவைத் திறந்த சொக்கு அதைச் சாத்திவிட்டு முன்சீட்டில் போய், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முனியசாமியும் காத்தாயியும் காரில் ஏறவில்லை, ஊருக்கே திரும்பினார்கள். விமான நிலையத்துக்கு வெளியே புதுக்கோட்டை போகும் பஸ் நின்றது. முனியசாமி பழக்கதோஷத்தில் முன்னால் போனார். காத்தாயி சட்டையைப் பிடித்து இழுத்துப் பின்சீட்டில் உட்காரவைத்தாள். "இன்னைக்காச்சும் பிரயாணியா வாங்க."

கீரனூர்வரை பிரயாணியாகத்தான் வந்தார். அங்கே பஸ் நின்றபோது, டிரைவர் பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றி முகத்தில் அறைந்துகொள்வது தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் தெரிந்தது. ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கியர் போடுமுன் வாய் பிளந்து ஒரு கொட்டாவி. இரண்டாவது டூட்டி. கண்டக்டரோ கடைசி வரிசையில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே நீட்டிக்கலாமா என்று யாரும் யாரையும் கேட்கப்போவதில்லை. பஸ் நகர்ந்தது. இறங்குவதென்றால் இனிப் புதுக்கோட்டைதான்.

முனியசாமி கம்பியைப் பிடித்து எழுந்தார்.

"எங்கிட்டுப் போறீங்க?" என்றாள் காத்தாயி.

"பேசப் போறேன்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துப் பிடித்து, பேனட்டை நோக்கி நடந்தார்.